கருவியும் கருத்தாவும்

தமிழ் இலக்கணத்தில் மூன்றாம் வேற்றுமை சிந்தனைக்குரியது. ‘ஆல்’ என்னும் ஓர் உருபே கருவியையும் குறிக்கும், கருத்தாவையும் குறிக்கும். ‘கத்தியால் வெட்டினான்’ என்னும்போது கத்தி கருவி. ‘தொழிலாளியால் வெட்டப்பட்டது’ என்னும்போது தொழிலாளி கருத்தா. உருபு ஒன்று, பொருள் இரண்டு. கருத்தாவையும் இலக்கண நூலார் இருவகையாகப் பிரிப்பர். ஏவுபவன் ஏவுதற் கருத்தா. தன் கையால் செய்து முடிப்பவன் இயற்றுதற் கருத்தா. அரசனால் கோயில் கட்டப்பட்டது என்றும் சொல்லலாம், தச்சனால் கட்டப்பட்டது என்றும் சொல்லலாம். இலக்கணம் இருவருக்கும் ஒரே இடத்தை அளித்தது. வரலாறோ ஏவியவன் பெயரைக் கல்லிலே பொறித்தது. இயற்றியவன் பெயரைக் காற்றிலே விட்டது.

இவ்விதியை நம் மலையகத்துக்குக் கொண்டுவந்து பார்ப்போம். ஒரு தோட்டத்தில் ஒரு மாதத்தில் இத்தனை ஆயிரம் கிலோ கொழுந்து எடுக்கப்பட்டது என்று அறிக்கை எழுதப்படுகிறது. எவரால் எடுக்கப்பட்டது? அந்த வாக்கியத்தில் எழுவாய்க்குரியவள் எங்கே? கூடை, தராசு, லொறி ஆகியவற்றோடு அவளும் ஒரு கருவியாக எண்ணப்படுகிறாளா, அன்றிக் கருத்தாவாக மதிக்கப்படுகிறாளா? உழைப்பவர் எந்நிலையிற் கருத்தாவாக நிமிர்கின்றனர், எந்நிலையிற் கருவியாகத் தாழ்கின்றனர்? இதுவே நாம் ஈண்டு ஆராயப் புகும் வினா. இதற்கு விடை தேடுமுன், கொழுந்து மலைக்கு வெகுதூரத்தில் இருப்பதாகத் தோன்றும் ஒரு தொழிலைச் சற்றே நோக்குதல் வேண்டும். கணினிக்குச் செய்நிரல் எழுதும் தொழிலே அது.

செய்நிரலரிடம் ஒரு பழக்கம் உண்டு. வேலையைத் தொடங்குமுன்னும், வேலைக்கு இடையிலும், அவர்கள் தம் கருவிகளைத் திருத்திக்கொண்டே இருப்பர். நிரல் எழுதுவதற்கு அவர்கள் கையாளும் மென்பொருளை எடிட்டர் என்பர். அதில் எந்த விசையை அழுத்தினால் எது நிகழவேண்டும் என்பதைத் தாமே மாற்றியமைப்பர். நாளொன்றுக்குப் பத்துமுறை தட்டவேண்டிய கட்டளைகளை ஒரு சிறு நிரலாகத் தொகுத்து, ஒரே சொல்லால் இயக்குவர். எழுதிய நிரலிற் பிழை உண்டா என்று சோதிக்கும் வேலையைக் கணினியே தானாகச் செய்யும்படி ஏற்பாடு செய்வர். இம்மாற்றங்களையெல்லாம் ஒரு சிறு கோப்பிலே எழுதிவைத்து, வேறு கணினிக்குச் சென்றாலும் தச்சன் உளிப்பெட்டியைச் சுமந்து செல்வதுபோல் அக்கோப்பைக் கொண்டுசெல்வர். வேலை விரைவாகிறது என்பது இதன் ஒரு பயன். கருவி தன் கைக்குப் பணிகிறது என்னும் உணர்வு அதனினும் பெரிய பயன்.

இப்பழக்கம் வானத்திலிருந்து விழுந்ததன்று. அதற்கொரு வரலாறு உண்டு. 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் யுனிக்ஸ் என்னும் இயக்கமுறையை ஆக்கத் தொடங்கினர். நிரல் எழுதுவோர் தம் வேலைக்குத் தேவையென்று கண்டு தாமே செய்துகொண்ட பட்டறை அது. ஒரு கருவி ஒரு வேலையைச் செவ்வனே செய்யட்டும்; பல சிறு கருவிகளைத் தொழிலாளி தன் விருப்பப்படி இணைத்துக்கொள்ளட்டும் என்பது அதன் அடிப்படைக் கருத்து. 1976ஆம் ஆண்டு மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் ரிச்சட் ஸ்டால்மனும் கை ஸ்டீலும் ஈமாக்ஸ் என்னும் எடிட்டரை உருவாக்கினர். கையாள்பவரே அதன் உள்ளே புகுந்து அதனை மாற்றலாம் என்பதே அதன் சிறப்பு.

அதே கழகத்தில் 1980ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்த ஒன்றைப் பலரும் அறிவர். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியிற் கடதாசி சிக்கினால், காத்திருப்போருக்கு அதனை அறிவிக்குமாறு ஸ்டால்மன் அதன் நிரலைத் திருத்தியிருந்தார். பின்னர் ஸெராக்ஸ் நிறுவனத்தின் புதிய பொறி வந்தது. அதுவும் சிக்கிற்று. ஆனால் அதன் மூலநிரல் பூட்டப்பட்டிருந்தது, கேட்டும் கிடைக்கவில்லை. திருத்தத் தெரிந்தவர் இருந்தார்; திருத்தும் உரிமை இல்லை. 1983ஆம் ஆண்டு அவர் அறிவித்த குனு இயக்கத்துக்குப் பின்னணியான நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று. கருவியைத் திறந்து பார்க்கவும், மாற்றவும், மாற்றியதைப் பிறருக்கு வழங்கவும் கையாள்பவருக்கு உரிமை வேண்டும் என்பதே அவ்வியக்கத்தின் உயிர்நாடி. வேகம் பற்றிய பேச்சு இங்கே உரிமை பற்றிய பேச்சாக மாறியதை நாம் கவனித்தல் வேண்டும்.

ஆக, செய்நிரலர் தம் கருவியைத் திருத்துவதற்கு மூன்று நிலைமைகள் துணைநின்றன. கருவியின் உள்ளமைப்பு அவர்களுக்குத் திறந்திருந்தது. திருத்திப் பார்ப்பதற்கு நேரம் இருந்தது; அந்நேரத்துக்கு எவரும் கூலியை வெட்டவில்லை. திருத்தியதைத் தம்மவரோடு பகிர்ந்துகொள்ளும் வழியும் இருந்தது. அறிவு, அவகாசம், கூட்டுறவு என இம்மூன்றையும் சுருக்கிச் சொல்லலாம்.

நிற்க. இனி நம் மலைக்குத் திரும்புவோம். தேயிலைத் தொழிலாளி தன் கருவியைத் திருத்துவதில்லையா? திருத்துகிறாள். கூடைக் கயிறு தலையை அறுக்காதிருக்கத் துணியை மடித்து வைக்கிறாள். செடியின் வாதுகள் குத்தாமலும் பனி நனைக்காமலும் இருக்க இடுப்பிலே படங்கு கட்டுகிறாள். அட்டை ஏறாதிருக்கக் காலிலே சவர்க்காரம் பூசுகிறாள். எந்த நிரையில் எப்படி ஏறி எப்படி இறங்கினால் மூச்சும் நேரமும் மிச்சமாகும் என்பதைத் தாயிடம் கற்று மகளுக்குச் சொல்கிறாள். கவ்வாத்து வெட்டுபவர் தம் கத்தியைத் தாமே தீட்டுகிறார். வெட்டுவாயில் நீர் தங்கி வாது அழுகாதிருக்க எந்தச் சாய்வில் வெட்டவேண்டும் என்பது அவர் மணிக்கட்டுக்குத் தெரியும். எந்தப் பல்கலைக்கழகமும் இவ்வறிவுக்குப் பட்டம் வழங்கியதில்லை. ஆயினும் செய்நிரலர் தம் கோப்பில் எழுதிவைக்கும் அறிவுக்கும் இதற்கும் இனத்தால் வேறுபாடு இல்லை.

வேறுபாடு எங்கே எழுகிறதெனின், திருத்தத்தின் எல்லையில். தலைத்துணியை அவள் மாற்றலாம். தராசை மாற்ற முடியாது. படங்கை மாற்றலாம், நாளொன்றுக்கு எத்தனை கிலோ எடுத்தால் முழுப்பேர், எத்தனைக்குக் குறைந்தால் அரைப்பேர் என்னும் கணக்கை மாற்ற முடியாது. தன் உடலுக்கு நேரும் நோவைக் குறைக்கும் வரைக்கும் அவளுக்குத் திருத்தும் உரிமை உண்டு. தன் உழைப்பின் அளவையைத் தொடும் இடத்தில் அவ்வுரிமை முடிந்துபோகிறது.

இவ்விடத்தில் இரு டெய்லர்களை நினைவூட்ட விரும்புகிறோம். முதல்வர் ஜேம்ஸ் டெய்லர். 1867ஆம் ஆண்டு லூல்கந்தூரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஸ்கொத்லாந்துக்காரர். தொடக்கத்தில் அவர் தம் பங்களா விறாந்தையிலே மேசைமீது இலையைக் கையால் உருட்டித் தேயிலை செய்வித்தார். பின்னர் 1872ஆம் ஆண்டளவில் இலை உருட்டும் பொறியொன்றையும் ஆக்கினார். கைவேலையின் குறையைக் கண்டு கருவியை மாற்றினார். அதற்கு அவருக்கு அறிவு இருந்தது, அவகாசமும் இருந்தது. அந்த இலையைக் கிள்ளிக் கொடுத்த கைகளுக்கும் அறிவு இருந்தது. அவகாசம் மட்டும் அளிக்கப்படவில்லை. அதே 1867ஆம் ஆண்டிலேதான் ஜெர்மனியில் மார்க்ஸின் ‘மூலதனம்’ முதற் பாகம் வெளிவந்தது. கைத்தொழிலிலே தொழிலாளி கருவியைக் கையாள்கிறான், ஆலையிலே பொறி தொழிலாளியைக் கையாள்கிறது என்னும் கருத்தை அந்நூலின் பொறிகள் பற்றிய அதிகாரம் விரித்துரைக்கிறது. நம் இலக்கண மொழியிற் சொன்னால், கருத்தா கருவியாகும் வேற்றுமை மயக்கம் அது.

இரண்டாமவர் பிரெடரிக் டெய்லர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். 1911ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய விஞ்ஞான முகாமை பற்றிய நூல், இன்றும் உலகின் பல தொழிற்சாலைகளை ஆள்கிறது. பெத்லகேம் உருக்காலையில் அவர் மண்வெட்டிகளை ஆராய்ந்தார். ஒரு வாரலில் ஏறத்தாழ 21 இறாத்தல் எடுத்தால் ஒரு நாளின் மொத்த வேலை மிகுதியாகும் என்று கண்டு, பொருளுக்கேற்ற வெவ்வேறு மண்வெட்டிகளைச் செய்வித்தார். இதுவும் கருவியைத் திருத்தும் வேலையே; திறமான வேலை என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் திருத்தியவர் எவர்? பயன் எவருக்குச் சென்றது? அதே ஆலையில் இரும்புக்கட்டி சுமந்த தொழிலாளி, டெய்லர் தாமே எழுதிய கணக்கின்படி, நாளுக்கு 12½ தொன் சுமந்த நிலையிலிருந்து 47 தொன் சுமக்கும் நிலைக்கு உயர்த்தப்பட்டான். அவனது நாட்கூலி 1.15 டொலரிலிருந்து 1.85 டொலராயிற்று. சுமை ஏறத்தாழ நான்கு மடங்கு. கூலி இரு மடங்கைக்கூட எட்டவில்லை. இத்தகைய வேலைக்கு ஏற்றவன் எருது போன்ற மந்தபுத்தியுடையவன் என்றும் டெய்லர் எழுதத் தயங்கவில்லை. ‘நீ சிந்திக்க வேண்டாம், உனக்காக நாம் சிந்தித்துவிட்டோம்’ என்பதே அம்முறையின் சாரம்.

செய்நிரலரின் திருத்தமும் டெய்லரின் திருத்தமும் உற்பத்தித்திறனையே பேசுகின்றன. ஒன்று கீழிருந்து எழுகிறது. மற்றது மேலிருந்து இறங்குகிறது. ஒன்றில் இயற்றுதற் கருத்தாவே தன் கருவியை அறிகிறான். மற்றதில் ஏவுதற் கருத்தா, கருவியையும் அதைப் பிடித்த கையையும் ஒருங்கே அளக்கிறான். ஆதலின் ‘உற்பத்தித்திறன் நன்றா, தீதா?’ என்று பொதுப்படக் கேட்பது பயனில்லாத கேள்வி. ‘எவருடைய திருத்தத்தால், எவருக்கு மிச்சமாகும் நேரத்தால்?’ என்று கேட்பதே முறை.

மலையகத்தின் அண்மைய வரலாறு இக்கேள்வியை நம்முன் நிறுத்துகிறது. நீண்ட போராட்டத்தின் பின் 2021ஆம் ஆண்டு நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதன்பின் பல தோட்டங்களில் நாளுக்குரிய கொழுந்தின் அளவு கூட்டப்பட்டதென்று தொழிலாளர் முறையிட்டனர். 2024ஆம் ஆண்டு நாட்சம்பளம் 1,350 ரூபாவாயிற்று. அப்போதும் உற்பத்தித்திறன் பற்றிய பேச்சு கூடவே வந்தது. ஒரு கையாற் கொடுத்ததை மறுகையால் எடுப்பதற்கு ‘கிலோ’ என்னும் அளவை வசதியாக இருக்கிறது. கூலி உயர்வு பேச்சுவார்த்தை மேசையில் வெல்லப்படுகிறது; அளவு உயர்வோ மலையுச்சியில், தராசடியில், ஓசையின்றி நிகழ்கிறது.

கத்தரி கொண்டு கொழுந்து வெட்டும் முறையையும் எடுத்துக்கொள்வோம். 1925ஆம் ஆண்டு தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தலவாக்கலையில் இருக்கிறது. கத்தரிகள் பற்றியும் ஆய்வுகள் நடந்துள்ளன. கத்தரியால் நிறை கூடலாம். ஆனால் இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று விரலால் தேர்ந்தெடுத்த நுட்பம் குறையலாம். முற்றிய இலை கலக்கலாம். நாள் முழுதும் அதைத் தூக்கிப் பிடிக்கும் தோளும் முழங்கையும் நோகலாம். இதைக் கத்தரியின் குற்றமென நாம் கூறவில்லை. அதன் கைப்பிடி எவருடைய தோளை அளந்து அமைக்கப்பட்டது என்றே கேட்கிறோம். அதை மலைக்குக் கொண்டுவருமுன் கொழுந்தெடுக்கும் பெண்கள் சிலர் ஒரு மாதம் கையாண்டு, ‘இங்கே கனம், இங்கே வழுக்கல், இங்கே நீளம் போதாது’ என்று சொல்ல இடமளிக்கப்பட்டதா? அவர்கள் சொல்லை எழுதிக்கொண்டவர் உண்டா?

இனி, நம் கருத்துக்கு எதிராகச் சொல்லத்தக்கவற்றையும் நேர்மையாக நோக்குவோம்.

முதலாவது தடை: கருவியைத் திருத்துதல் பலருக்கு வீண்பொழுதாக முடிகிறது என்பது. இதில் உண்மை உண்டு. எடிட்டரின் நிறத்தை மாற்றி மாற்றி ஒரு கிழமையைக் கழித்துவிட்டு ஒரு வரி நிரலும் எழுதாத இளைஞர் உளர். வள்ளுவர் வினைசெயல்வகையில், செயலுக்குமுன் எண்ணிப் பார்க்கவேண்டிய ஐந்தனுள் கருவியையும் ஒன்றாக வைத்தார். ஐந்தனுள் ஒன்றாக வைத்தார் என்பதே ஈண்டுக் கவனிக்கத்தக்கது. கருவி வினைக்காகவே; வினை கருவிக்காக அன்று. கவ்வாத்துக்குப் போகிறவர் கத்தியைத் தீட்டாமற் போனாலும் பழுது. நண்பகல்வரை தீட்டிக்கொண்டே இருந்தாலும் பழுது. ஆனால் எவ்வளவு தீட்டினாற் போதும் என்பதை அறிபவர் வெட்டுபவரே. வீணாக்குவோர் சிலர் இருப்பதால் அனைவரின் உரிமையையும் பறித்தல் நீதியாகாது.

இரண்டாவது தடை: ஆளுக்கொரு விதமாகக் கருவியைத் திருத்தினால் கூட்டுவேலை சிதறும் என்பது. இதற்கும் செய்நிரலரின் அனுபவமே விடை தருகிறது. கைக்கு நெருங்கியவற்றை அவரவர் விருப்பப்படி அமைத்துக்கொள்வர். பிறரைத் தொடுவனவற்றை ஒன்றுகூடித் தீர்மானிப்பர். விசையின் அமைப்பு தனியுரிமை. நிரலைச் சோதிக்கும் முறை பொதுவுடைமை. ஒருவர் கண்ட நல்ல திருத்தம் பலருக்கும் பரவுகிறது. 2004ஆம் ஆண்டு திசெம்பரில் ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தபோது, இலங்கைச் செய்நிரலர் தொண்டர்களாகக் கூடிச் சகனா என்னும் நிவாரண மென்பொருளை எழுதினர். மூலநிரல் திறந்திருந்தமையால் அது பின்னர் வேறு நாடுகளின் அனர்த்தங்களுக்கும் உதவிற்று. தனிக்கையின் சுதந்திரமும் கூட்டுழைப்பின் ஒழுங்கும் பகையல்ல என்பதற்கு இது சான்று.

மூன்றாவது தடையே கனமானது. ‘குளிரூட்டிய அறையில் இருக்கும் செய்நிரலரையும் மழையில் நனையும் கொழுந்துக்காரியையும் ஒப்பிடுதல் அநியாயம் அன்றோ? முன்னவருக்குக் கருவிச் சுதந்திரம் கிடைப்பதற்குக் காரணம், சந்தை அவருக்கு அதிக விலை கொடுப்பதே’ என்பர். ஆம், அஃதே காரணம். உழைப்புக்கு விலை உயர்ந்த இடத்தில் சுதந்திரமும் வாங்கப்படுகிறது. ஆனால் அச்சுதந்திரமும் நிலையானதன்று. எந்த விசையை எத்தனைமுறை தட்டினார் என்று கண்காணிக்கும் மென்பொருள்கள் இன்று பல நாடுகளின் அலுவலகங்களுக்கு வந்துவிட்டன. நிரலையே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. அதன் உள்ளமைப்போ பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. நேற்றுவரை கருத்தாவாக இருந்தவர் நாளை தராசடியில் நிற்கக்கூடும். ஆதலின் இவ்விருவரையும் ஒப்பிடுதல் அநியாயமன்று. ஒருவரிடமிருந்து மற்றவர் கற்கவேண்டியது உண்டு. செய்நிரலரிடமிருந்து திறந்த கருவியின் உரிமையை மலை கற்கலாம். மலையிடமிருந்து அளவையின் அரசியலைச் செய்நிரலர் கற்கலாம்.

1811ஆம் ஆண்டு தொடங்கி இங்கிலாந்தில் நெசவுப் பொறிகளை உடைத்த லுட் இயக்கத்தாரை மூடர் எனப் பலர் எள்ளினர். அவர்கள் பொறியில் வெறுப்புக் கொண்டவரல்லர். தம்மைக் கேளாமல் தம் வாழ்வைத் திருத்திய பொறியையே எதிர்த்தனர். நம் மரபிலோ உடைத்தலினும் ஆக்குதலுக்கு நல்ல சான்றுகள் உள. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா, ஆங்கிலத்துக்கென அமைந்த தட்டச்சுப்பொறியைத் தமிழுக்கு வளைத்தார். புள்ளியும் கொம்பும் எழுத்தோடு சேரவேண்டிய இடத்தில் உருளை நகராதிருக்கும் விசைகளை அமைத்தார். தமிழ்நாட்டின் ஏகாம்பரநாதன் பழைய இராட்டையைத் திருத்தி, ஒரே வேளையிற் பல கதிர்களில் நூற்கும் அம்பர் சர்க்காவை ஆக்கினார். பின்னர் 1999ஆம் ஆண்டு சென்னையிற் கூடிய மாநாட்டின் வழியே தமிழ்99 விசைப்பலகை பிறந்தது. நம் மொழியைக் கணினியில் எழுதும் வசதியை எந்தப் பெருநிறுவனமும் தானமாகத் தந்துவிடவில்லை. கையாள்பவர்கள் கருவியைத் திருத்தியதாலேயே தமிழ் திரையில் ஏறிற்று.

இங்கே ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்க்கும் ஒரு சொல். நம் உயர்தர வகுப்புகளில் 2013ஆம் ஆண்டு தொழினுட்பத் துறை தொடங்கப்பட்டது. லயத்துப் பிள்ளைகளும் இன்று செய்நிரலாக்கம் படிக்கின்றனர். நல்லது. ஆனால் கணினி அறையில் ‘எதையும் மாற்றாதே, தொடாதே’ என்பதையே முதற் பாடமாகக் கற்பித்தோமாயின், தோட்டத்தின் பழைய விதியை வேறு மொழியிற் கூறியவராவோம். விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளவும், எழுத்தைக் கண்ணுக்கேற்பப் பெருப்பிக்கவும், திரும்பத் திரும்பச் செய்யும் கணக்கை ஒரு சிறு நிரலாக்கவும் பிள்ளைக்குக் கற்பிப்போம். பிழைபட்டால் மீட்டுக்கொள்ளும் வழியையும் உடன் கற்பிப்போம். தன் முன்னிருக்கும் கருவியை மாற்றலாம் என்று பதினைந்து வயதில் அறிந்த பிள்ளை, தன் முன்னிருக்கும் தராசும் மனிதர் செய்ததே, மனிதர் மாற்றத்தக்கதே என்பதை இருபத்தைந்து வயதில் அறியும்.

அப்பிள்ளைகள் நிரலெழுதும் திறன் பெற்றபின் அத்திறனை மலைக்கும் திருப்பலாம். சில தோட்டங்களில் மின்னணுத் தராசு வந்துள்ளது. அதன் எண் எங்கே பதிகிறது, கூடையின் நிறையென்றும் ஈரமென்றும் எவ்வளவு கழிக்கப்படுகிறது, அக்கழிவைத் தீர்மானிக்கும் விதி யாது என்பன ஒரு நிரலுக்குள் இருக்கின்றன. முன்பு கணக்கப்பிள்ளையின் கொப்பியில் மறைந்திருந்தது இன்று நிரலில் மறைந்திருக்கிறது. கொப்பியைப் பார்க்கும் உரிமையைக் கேட்ட தொழிற்சங்கம், நிரலைப் பார்க்கும் உரிமையையும் கேட்க வேண்டாமா? ஒவ்வொரு நிறுவையும் அவளுடைய கைத்தொலைபேசிக்கே தமிழில் வந்து சேருமாறு செய்தல் பெரிய விஞ்ஞானமன்று. அதற்கான மனமே வேண்டும்.

எனவே ஒரு கருவி அறத்தோடு பொருந்தியதா என்பதை அறிய மூன்று வினாக்கள் போதும். அதைக் கையாள்பவர் திறந்து பார்த்து மாற்ற முடியுமா? மாற்றத்தால் மிஞ்சிய நேரமும் பயனும் எவருக்குச் சேர்கின்றன? ஒருவர் கண்ட திருத்தம் மற்றவர்க்குச் செல்ல வழி உண்டா? மூன்றுக்கும் நல்விடை கிடைக்குமிடத்து உற்பத்தித்திறன் மனிதனை உயர்த்தும். விடை இல்லாவிடத்து, எவ்வளவு மினுக்கமான கருவியாயினும் அது நுகத்தடியே.

புதிய கத்தரி வருமுன்னும், புதிய தராசு வருமுன்னும், புதிய அளவு வகுக்கப்படுமுன்னும், கொழுந்தெடுப்பவர்கள் அதை ஆராய்ந்து திருத்தச் சம்பளத்தோடு கூடிய நாட்கள் ஒதுக்கப்படல் வேண்டும். அவர்கள் தெரிந்தெடுத்த குழுவே அதற்கு இசைவளிக்க வேண்டும். கருவியால் மிச்சமாகும் ஒவ்வொரு மணியிலும் அவர்களுக்குப் பங்கு எழுதப்படல் வேண்டும். கூலிக் கோரிக்கையோடு இக்கோரிக்கையையும் நம் சங்கங்கள் ஏட்டில் ஏற்றட்டும். அரைப்பேருக்கும் முழுப்பேருக்கும் இடையில் இதுவரை தொலைந்துபோன பெயர் ஒன்று உண்டு. அது இயற்றியவளின் பெயர்; அதைக் கணக்கில் எழுதும் காலம் வந்துவிட்டது.